இரண்டாவது பெயர்: ஹைன்ஸ் லோவன்ஸ்டாமின் ஆய்வுப் பட்டியலும் மேற்கோள் கணக்கும்

ஜுராசிக் காலக் கடலில் ஒரு பெலம்னைட் வாழ்ந்தது. கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். சுமார் நான்கு வயதில், ஒரு வசந்த காலத்தில் அது செத்துப்போனது. இளமைப் பருவம் கழிந்த பிறகு மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் கண்டிருக்கிறது. அது நீந்திய நீரின் சராசரி வெப்பநிலை 17.6 டிகிரி செல்சியஸ். பருவங்களுக்கு இடையே 6 டிகிரி வரை வித்தியாசம் இருந்தது. இதையெல்லாம் 1951இல் அமெரிக்க நிலவியல் சங்கத்தின் ஆய்விதழில் நான்கு பேர் எழுதினார்கள். தோட்டா வடிவத்தில் கல்லாகிக் கிடந்த உள்ளோட்டை வளையம் வளையமாகச் சுரண்டி, ஒவ்வொரு வளையத்திலும் எடை வேறான இரண்டு ஆக்சிஜன் வகைகளுக்கு (ஐசோடோப்புகளுக்கு), அதாவது ஆக்சிஜன்-18க்கும் ஆக்சிஜன்-16க்கும் உள்ள விகிதத்தை அளந்து கண்டுபிடித்தது.

அந்த நான்கு பேர்: ஹெரால்ட் யூரி, ஹைன்ஸ் லோவன்ஸ்டாம், சாமுவேல் எப்ஸ்டைன், சார்லஸ் மெக்கின்னி. யூரி 1934லேயே வேதியியல் நோபல் வாங்கியவர். எப்ஸ்டைன் பின்னாளில் ஐசோடோப்பு புவிவேதியியலின் பெரும் பெயர்களில் ஒருவரானார். அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் செம்மைப்படுத்தியவர்களில் மெக்கின்னி ஒருவர். இந்த ஆய்வு இரண்டாவது பெயரைப் பற்றியது.

லோவன்ஸ்டாமை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, புவிவேதியியல், தொல்லுயிரியல் இரண்டிலும் கால் வைத்தவர் அவர். ஒரு ஆய்வைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்ற மேற்கோள் எண்ணிக்கை இப்படிப்பட்டவர்களிடம்தான் அதிகம் தடுமாறுகிறது. இன்னொன்று, 1993இல் காலமானவர் என்பதால் பட்டியல் முடிந்துவிட்டது. அவர் எழுதியவற்றில் எது நின்றது, எது வேறொருவர் கணக்கில் போனது என்பதை நிதானமாகப் பார்க்க முடியும்.

பட்டியல் தொடங்கியதே தாமதம்

1912இல் அன்றைய ஜெர்மனியின் மேல் சைலேசியாவில் பிறந்தார். பிராங்பர்ட்டிலும் மியூனிக்கிலும் படித்தார். முனைவர் பட்டத்துக்காகப் பாலஸ்தீனத்தில், நாசரேத் மலைப்பகுதியில் களப்பணி செய்துவிட்டுத் திரும்பியபோது, யூதர் என்பதால் பட்டம் மறுக்கப்பட்டது. 1937இல் அமெரிக்கா போய், 1939இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இன்றைய மதிப்பீட்டுப் படிவங்களில் 'பட்டம் பெற்று எத்தனை ஆண்டுகள்' என்ற கட்டம் இருக்கிறதே, அதில் இந்தக் கதைக்கு இடமே கிடையாது.

அப்புறம் இல்லினாய் மாநில நிலவியல் துறை வேலை. போர்க் காலத்தில் நிலக்கரியும் எண்ணெயும்தான் அங்கே முக்கியம். லோவன்ஸ்டாம் அங்கே சைலூரியன் காலப் பவளத்திட்டுகளைப் பார்க்கத் தொடங்கினார். தரைக்கடியில் எண்ணெய் தேங்கி நின்ற சில இடங்கள் உண்மையில் பழைய கடல் திட்டுகள் என்று காட்டினார். இதில் ஒரு பகுதி மாநில அறிக்கையாக வெளியானது. தனிப் பெயரில் எழுதிய விரிவான கட்டுரை, அமெரிக்கப் பெரும் ஏரிப் பகுதியின் நயாகரன் திட்டுகள் பற்றியது, 1950இல் ஜர்னல் ஆஃப் ஜியாலஜி இதழில் வந்தது. கட்டுரை மேற்கோள் தளங்களில் கிடைக்கும். மாநில அறிக்கையை அங்கே தேடினால், வேறு யாராவது எடுத்துக்காட்டியிருந்தால் அந்தத் தடயம் மட்டுமே அகப்படும். எண்ணெய்க் கிணறு தோண்டியவர்களோ அறிக்கையைத்தான் படித்தார்கள். அவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் இல்லை. ஒரு வேலையின் மிகத் தீவிரமான வாசகர்கள் மேற்கோள் காட்டாத வாசகர்களாக இருக்கலாம் என்பதற்கு இந்தப் பட்டியலில் முதல் சாட்சி இதுதான்.

சிகாகோவில் நடந்தது

1947இல் யூரி ஒரு கட்டுரை எழுதினார். ஐசோடோப்புகளின் வெப்ப இயக்கவியலைக் கணக்கிட்டு, நீரிலிருந்து சுண்ணாம்பு உருவாகும்போது ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் வெப்பநிலையைப் பொறுத்து மாறும் என்றார். ஓட்டை அளந்தால் பழைய கடலின் சூடு தெரியும். தாளில் அழகான யோசனை. நடைமுறையில் இரண்டு முட்டுக்கட்டைகள். அவ்வளவு சிறிய வித்தியாசத்தை அளக்கும் கருவி வேண்டும். அது மெக்கின்னி, எப்ஸ்டைன் உள்ளிட்டவர்களின் பொறுப்பு. இரண்டாவது, அளக்கத் தகுந்த ஓடு வேண்டும்.

இந்த இரண்டாவது விஷயம் சின்னதாகத் தெரியும். இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த ஓட்டுக்குள் நிலத்தடி நீர் புகுந்து, ஓட்டின் சுண்ணாம்புக் கனிமமான பழைய கால்சைட்டைக் கரைத்து, புதிதாகப் படிய வைத்திருக்கும். வெளியே பார்த்தால் அசல் ஓடு போலவே இருக்கும். கருவியும் ஒரு எண்ணைத் துல்லியமாகத் தந்துவிடும். ஆனால் அந்த எண் கடலுடையதாக இருக்காது, பின்னாளில் புகுந்த நீருடையதாக இருக்கும். எந்தப் பாறை அடுக்கு, எந்த உயிரினம், ஓட்டின் எந்தப் பகுதி, உள்ளமைப்பு கெடாமல் இருக்கிறதா என்று சொல்ல ஒரு தொல்லுயிரியலாளர் தேவை. லோவன்ஸ்டாம் 1948இல் யூரியின் குழுவில் சேர்ந்தார். இங்கிலாந்து, டென்மார்க், அமெரிக்காவின் தென்கிழக்கு என மூன்று பகுதிகளின், ஜுராசிக்குக்கு அடுத்த காலமான கிரெடேஷியஸின் ஓடுகளும், நம் ஜுராசிக் பெலம்னைட்டும் 1951 கட்டுரையில் இருக்கின்றன.

அதே ஆண்டும், பிறகு திருத்தத்தோடு 1953லும், வெப்பநிலை அளவுகோல் வெளியானது. அதில் ஆசிரியர் வரிசை: எப்ஸ்டைன், புக்ஸ்பாம், லோவன்ஸ்டாம், யூரி. வெப்பநிலை தெரிந்த நீரில் உயிரோடு வளர்ந்த ஓடுகளை அளந்து, வேதியியல் கணக்கை நிஜப் பிராணிகளோடு பொருத்தினார்கள். 1953இன் சமன்பாடு மாணவர்களுக்கு மனப்பாடம்: 16.5இலிருந்து டெல்டாவின் (ஓட்டின் ஆக்சிஜன் விகிதம் ஒரு தரநிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற எண்) 4.3 மடங்கைக் கழித்து, டெல்டா வர்க்கத்தின் 0.14 மடங்கைக் கூட்டினால் வெப்பநிலை. ஓடு கட்டும்போது எல்லா உயிரினமும் நேர்மையாக நடந்துகொள்வதில்லை, சில தங்கள் உடலியலால் விகிதத்தைக் கெடுக்கின்றன என்பதும் இந்தக் குழுவினர் கண்டதே. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'உயிர் விளைவு'. இன்றும் அதே பெயர்தான்.

1950களின் முதல் பாதியில் மட்டும் லோவன்ஸ்டாமின் பெயர் இப்படி இரண்டாவது, மூன்றாவது இடங்களில் நிற்கிறது. இதன் பலன் என்ன?

யூஜின் கார்ஃபீல்ட் 1960களில் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணையின் அச்சுத் தொகுதிகளில், மேற்கோள் காட்டப்பட்ட படைப்பு முதல் ஆசிரியரின் பெயரில் மட்டும்தான் பதிவாகும். 'லோவன்ஸ்டாம்' என்று புரட்டினால் 1951ம் வராது, 1953ம் வராது. அவை யூரியின் கீழும் எப்ஸ்டைனின் கீழும் கிடக்கும். கணினித் தளங்களில் இந்தக் குறை நீங்கிவிட்டது. அங்கே இப்போது நான்கு பேருக்கும் முழு மேற்கோளும் போகிறது. ஆனால் பேச்சு வழக்கில் 'யூரி முதலானோர்', 'எப்ஸ்டைன் முதலானோர்' என்று நிலைத்துவிட்டது. லோவன்ஸ்டாம் அந்த 'முதலானோர்'க்குள் அடங்கிப்போனார்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் சயின்ஸ் இதழில் எழுதிய மேத்யூ விளைவு இதுதான். ஹாரியட் ஜக்கர்மன் நோபல் பரிசாளர்களிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து, கூட்டாகச் செய்த வேலையின் புகழ் ஏற்கெனவே புகழுள்ளவரிடமே போய்ச் சேருகிறது என்று காட்டினார். 1951 கட்டுரையில் யூரியின் பெயர் முதலில் இருந்தது நியாயம்தான், யோசனை அவருடையது. அநியாயம் நடந்தது பெயர் வரிசையில் இல்லை, பெயரை எண்ணும் முறையில்.

மேற்கோளே இல்லாத பயன்பாடு

1951 கட்டுரையின் கிரெடேஷியஸ் இடங்களில் ஒன்று தென் கரோலினாவின் பீ டீ பாறைப் படிவு. அங்கே கிடைக்கும் பெலம்னைட்டின் பெயர் பெலம்னிட்டெல்லா அமெரிக்கானா. ஐசோடோப்பு விகிதத்தை எப்போதும் வேறொன்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும், அதற்கு ஒரு பூஜ்யம் வேண்டும். சிகாகோ குழு அந்த பெலம்னைட்டிலிருந்து எடுத்த வாயுவைப் பூஜ்யமாக வைத்தது. பீ டீ பெலம்னைட், சுருக்கமாக பி.டி.பி. உலகம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது.

ஒரு ஓடு எத்தனை காலம் தாங்கும்? அசல் இருப்பு தீர்ந்துபோனது. வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை வழியாக ஒரு மாற்று வந்தது: என்.பி.எஸ்.-19 என்ற பளிங்குத் தூள். இல்லாத பெலம்னைட்டைப் பொறுத்து இந்தத் தூளின் கார்பன் மதிப்பு ஆயிரத்துக்கு +1.95, ஆக்சிஜன் மதிப்பு ஆயிரத்துக்கு −2.20 என்று முடிவு செய்துவிட்டார்கள். இப்போது புதைபடிவம் இல்லை, அதன் பூஜ்யம் மட்டும் இருக்கிறது. பழங்கால வானிலை, உணவுச் சங்கிலி, எலும்பு ஆய்வு, எண்ணெய்த் தேடல் என்று எங்கே கார்பன் ஐசோடோப்பு அளந்தாலும் முடிவை 'வியன்னா பி.டி.பி.' அளவுகோலில்தான் எழுதுகிறார்கள்.

அதற்காக 1951ஐ யாராவது மேற்கோள் காட்டுகிறார்களா? பெரும்பாலும் இல்லை. காட்டுகிறவர்கள் திருத்தக் காரணிகளை முறைப்படுத்திய ஹார்மன் கிரெய்கின் 1957 கட்டுரைக்கோ, பிந்தைய தரநிலை அறிக்கைகளுக்கோ போகிறார்கள். ஒரு முடிவு எல்லோருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டால் மூலத்தைச் சொல்வது நின்றுவிடும் என்று மெர்ட்டன் இதையும் குறித்துவைத்திருக்கிறார். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட கொத்தனார் பெயரைப் புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையில் யாரும் போடுவதில்லை, அந்த மாதிரி.

தொல்லுயிரியலில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு உயிரினத்தின் முறைப்படியான பெயருக்குப் பின்னால் அதை முதலில் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் ஒட்டிக்கொண்டு வரும். வாசகர் பார்க்கிறார், ஆனால் கட்டுரையின் இறுதிப் பட்டியலில் அந்த மூல விவரிப்பு இடம்பெறாமல் போவதே வழக்கம். மேற்கோள் தளம் இறுதிப் பட்டியலை மட்டும் எண்ணும். புதிய இனங்களை விவரிப்பதிலேயே ஆயுளைச் செலவிட்ட ஒருவரின் பெயர் நூறு கட்டுரைகளில் அச்சாகியும், கணக்கில் வெறுங்கையோடு நிற்கலாம்.

தொகுப்பு செய்கிறவர்களுக்கு நேர்மாறான அதிர்ஷ்டம். 2005இல் லிசைக்கியும் ரேமோவும் உலகக் கடல்களின் 57 ஐசோடோப்புத் தொடர்களை அடுக்கி ஒரே வளைவரையாக்கினார்கள். அருமையான வேலை, கடந்த 53 லட்சம் ஆண்டுகளுக்கு அதுவே பொது நாட்காட்டி. அதைப் பயன்படுத்துகிறவர் அந்த ஒரு கட்டுரையைச் சொன்னால் போதும் என்றாகிறது. 57 சேற்றுத் தண்டுகளை அளந்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத அடுக்குக்குப் போகிறார்கள்.

பல்லில் காந்தம்

லோவன்ஸ்டாம் 1952இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்குக்குப் போனார். அங்கே அவர் தனியாகவோ முதல் பெயராகவோ எழுதியவைதான் பட்டியலின் முதுகெலும்பு. ஓடுகளில் அரகோனைட், கால்சைட் என்ற இரண்டு சுண்ணாம்புக் கனிமங்களின் விகிதம் எதைப் பொறுத்து மாறுகிறது (1954). பஹாமா திட்டின் அரகோனைட் ஊசிகள் பாசிகள் உண்டாக்கியவையா (1957, எப்ஸ்டைனுடன்). இரட்டை ஓட்டுக் கடலுயிரிகளான பிரேக்கியோபாட்களின் இன்றைய ஓடுகளையும் புதைபடிவங்களையும் வேதியியல் ரீதியாக ஒப்பிட்டுக் கடலின் வரலாற்றைக் கேட்டது (1961). பஹாமா விவாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. அந்தக் கட்டுரையை ஏற்பவரும் மறுப்பவரும் எடுத்துக்காட்டுகிறார்கள். எண்ணிக்கைக்கு இருவரும் ஒன்றுதான்.

இவற்றில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது 1962இன் நான்கு பக்கக் கட்டுரை. கைட்டான் என்ற மெல்லுடலி கடலோரப் பாறையில் ஒட்டிக்கொண்டு, எட்டுத் தகடு போட்ட முதுகோடு, மெதுவாக ஊர்ந்து பாசியைச் சுரண்டித் தின்னும். பாசியோடு பாறையும் தேய்ந்து போகும். நாக்குப் பட்டையில் வரிசையாக இருக்கும் அதன் பற்களின் நுனி பளபளக்கும் கறுப்பு. அந்தக் கறுப்பு மேக்னடைட் என்று லோவன்ஸ்டாம் நிறுவினார். அதாவது இரும்பின் காந்த ஆக்சைடு. பற்களைக் காந்தத்தருகே கொண்டுபோனால் ஒட்டும். சுண்ணாம்புப் பாறையின் கால்சைட்டைவிட மேக்னடைட் மிகவும் கடினம் என்பதால் பாறை ஏன் தேய்கிறது என்பதும் விளங்கிவிடுகிறது. எரிமலைப் பாறையிலும் உருமாறிய பாறையிலும் பெரும் வெப்பத்தில் பிறக்கும் கனிமம் என்றுதான் அதுவரை மேக்னடைட்டைப் பற்றிப் பாடம் நடந்தது. குளிர்ந்த கடல்நீரில் ஒரு பிராணி அதை வாய்க்குள் தயாரிக்கிறது!

இந்தக் கட்டுரையை இதழ்த் தாக்கக் காரணியின் கண்ணால் பார்ப்போம். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளைச் சொல்லும் அந்தக் காரணி, வெளியீட்டுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளின் மேற்கோளை மட்டும் எடுக்கும். அப்படியென்றால் 1963ம் 1964ம். அப்போது உயிரினக் காந்தவியல் என்றொரு துறையே இல்லை. 1975இல் ரிச்சர்ட் பிளேக்மோர் காந்த திசையில் நீந்தும் பாக்டீரியாவை அறிவித்தார். அதற்குள்ளும் மேக்னடைட் என்று 1979இல் தெரிந்தது. 1978இல் தேனீயிலும் 1979இல் புறாவிலும் காந்தப் பொருள் தென்பட்டது. இந்த வேலைகளில் பங்கெடுத்த ஜோசப் கிர்ஷ்விங்க் கால்டெக்கில் லோவன்ஸ்டாமிடம் பழகிய மாணவர். இருவரும் கைட்டான் பற்களின் காந்தத்தன்மை பற்றி 1979இல் சேர்ந்து எழுதினார்கள். 1992இல் மனித மூளைத் திசுவில் மேக்னடைட் இருப்பதை கிர்ஷ்விங்க் குழு வெளியிட்டது. 1996இல் செவ்வாய் கிரக விண்கல் ஒன்றில் உயிர்ச் சுவடு என்று பெரும் பரபரப்பு எழுந்தபோது, அங்கே வாதத்தின் ஒரு தூண் நுண்ணிய மேக்னடைட் படிகங்கள். உயிர் மேக்னடைட் செய்யும் என்று தெரியாத உலகில் அந்த வாதத்தைத் தொடங்கவே முடிந்திருக்காது.

ஆக, 1962 கட்டுரையின் வாசகர்கள் பதின்மூன்று ஆண்டு கழித்துத்தான் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுச் சாளரத்தில் எட்டிப் பார்த்தவருக்கு அது மெல்லுடலியைப் பற்றிய ஒரு துணுக்கு. தொல்லுயிரியல் முழுக்கவே இப்படி மெதுவாக ஜீரணமாகும் துறைதான். அதன் பல இதழ்களில் மேற்கோள் பெறும் கட்டுரைகளில் பாதி பத்து ஆண்டுக்கு மேல் பழையவை. நூறு ஆண்டு முந்தைய இன விவரிப்பு அங்கே இன்றைய வேலைக்கான கருவி.

1981இல் சயின்ஸில் வந்த 'உயிரினங்கள் உருவாக்கும் கனிமங்கள்' என்ற மீள்பார்வைக் கட்டுரையும், ஸ்டீவன் வைனருடன் எழுதி 1989இல் வந்த புத்தகமும் உயிர்க்கனிமவியலைத் தனித் துறையாக நிறுத்தின. உயிரினம் தன் கட்டுப்பாட்டில் வார்ப்பது ஒரு வகை, அதன் செயலால் சுற்றுப்புறத்தில் தற்செயலாகப் படிவது இன்னொரு வகை என்ற பிரிவினை 1981இல் தெளிவாக வைக்கப்பட்டது. பல் மருத்துவப் பொருள் செய்கிறவரும் இதைப் படிக்கிறார், பவள ஆய்வாளரும் படிக்கிறார்.

எண் எங்கே பிறக்கிறது

இப்போது ஒரு குழு லோவன்ஸ்டாமின் ஹெச் குறியீட்டைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தது: குறைந்தது இத்தனை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் இத்தனை இருந்தால் அந்த எண். பத்து மேற்கோள் பெற்ற பத்துக் கட்டுரை இருந்தால் 10. இரண்டாயிரம் மேற்கோள் பெற்ற மூன்றே கட்டுரை இருந்தால் 3. ஹிர்ஷின் அதே கட்டுரையில் இயற்பியலில் உச்சத்தில் எட்வர்ட் விட்டன் 110, உயிரியலில் சாலமன் ஸ்னைடர் 191. துறைக்குத் துறை அளவு மாறும் என்று எழுதியவரே எச்சரித்திருந்தார்; எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சரி, எந்தத் தளத்தில் பார்ப்பது? ஸ்கோபஸ் இறுதிப் பட்டியல்களை 1970இலிருந்துதான் ஒழுங்காகச் சேர்க்கிறது. அதனால் 1950களிலும் 60களிலும், வெப்பநிலை அளவுகோல் சூடாக விவாதிக்கப்பட்ட காலத்தில், வந்த மேற்கோள்கள் அங்கே விழுந்துவிடும். வெப் ஆஃப் சயின்ஸ் பழைய ஆண்டுகளுக்கும் போகும், ஆனால் உங்கள் நூலகம் எந்த ஆண்டு வரைக்கும் சந்தா கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே கண்ணில் படும். அங்கே 1989 புத்தகம் ஆசிரியரின் ஹெச் கணக்கில் சேராது. மேற்கோள் காட்டப்பட்டவற்றுக்கான தனித் தேடலில்தான் எட்டிப்பார்க்கும். கூகுள் ஸ்காலர் புத்தகத்தையும் மாநில அறிக்கையையும் பிடித்துவிடும். கூடவே ஒரே கட்டுரையை இரண்டு மூன்று பதிவாகவும் பிளந்து வைக்கும். மூன்று தளத்தில் மூன்று எண். மனிதர் ஒருவர்தான்.

எண்ணை வீசி எறியச் சொல்லவில்லை. 1962 கட்டுரையின் மேற்கோள்களை ஆண்டுவாரியாகவும், எடுத்துக்காட்டியவர்களின் துறைவாரியாகவும் பிரித்துப் பாருங்கள். மெல்லுடலி ஆய்வு, நுண்ணுயிரியல், புவிக்காந்தம், நரம்பியல், கோளியல். அத்தனை துறைகளுக்குள் ஒரு நான்கு பக்கக் கட்டுரை நுழைந்தது என்று காட்டுவதும் அதே மேற்கோள் தரவுதான். கூட்டுத்தொகையாகச் சுருக்கும்போது அந்தத் தகவல் காணாமல் போகிறது. 2012இன் சான் பிரான்சிஸ்கோ அறிக்கையும் 2015இன் லைடன் அறிக்கையும் தனிநபரை இதழின் தாக்கக் காரணியால் எடைபோடாதீர்கள், துறைக்கேற்பப் பாருங்கள், ஆய்வையே படியுங்கள் என்றுதான் கேட்கின்றன. கையெழுத்திட்ட நிறுவனங்கள் ஏராளம். விண்ணப்பப் படிவத்தில் ஹெச் குறியீட்டுக்கான கட்டத்தை அழித்த நிறுவனங்கள் அவ்வளவு இல்லை என்பது என் எண்ணம்.

இப்படிப்பட்ட ஒரு பட்டியல் என் முன் வந்தால் நான் செய்வது எளிது. முதல் பெயராக இல்லாத கட்டுரைகளில் இவருடைய பங்கு எது என்று கேட்பேன். யூரி குழுவில் அது ஓட்டைத் தேர்ந்தெடுத்த கை. பெயர் சொல்லாமல் பயன்படுத்தப்படும் தரநிலை, இனப்பெயர், அறிக்கை ஏதாவது உண்டா என்று தேடுவேன். பத்து ஆண்டுக்குப் பின்னும் புதிதாக மேற்கோள் பெறும் கட்டுரைகளைத் தனியே எடுத்து, எடுத்துக்காட்டியவர்களில் ஒரு கைப்பிடியை உண்மையாகவே வாசிப்பேன்: மேற்கோள் முன்னுரையில் ஒரு சடங்காக வருகிறதா, அல்லது வாதமே அதன் மேல் நிற்கிறதா? அரை நாள் வேலை.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் லோவன்ஸ்டாமை உறுப்பினராக்கியது 1980இல். சயின்ஸ் மீள்பார்வை வருவதற்கு முன், புத்தகம் வருவதற்கு ஒன்பது ஆண்டு முன், ஹெச் குறியீடு பிறப்பதற்கு இருபத்தைந்து ஆண்டு முன். அப்போது முடிவெடுத்தவர்களிடம் இருந்தது அவர் எழுதிய கட்டுரைகளும், அவற்றைப் படித்திருந்த சக ஆய்வாளர்களும்தான்.